டைல்ஸை இப்போதைக்குப் பெயர்க்காதே

பாப்பா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஹால் மூலையில், பாத்ரூம் சுவரை ஒட்டி, சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவே, தரை இறங்கி, விரல் நுழைகிற இடைவெளி. டைல்ஸ்காரர் பெயர்த்துப் புதிதாக ஒட்டிவிடலாம் என்றாராம், மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டாராம். கொஞ்சம் பொறுங்கள்.

கோவில்பட்டி வீட்டில் நானும் அதைத்தான் செய்தேன். அண்ணன் கல்யாணத்துக்கு மாற்றிய தரை இரண்டே மழையில் பழையபடி பள்ளமாகிவிட்டது. தப்பு டைல்ஸில் இல்லை. தை மாதமே பால் காய்ச்ச வேண்டும் என்று, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி எடுத்த கரிசல் மண்ணையே பேஸ்மட்டத்துக்குள், அதாவது தரைக்கு அடியில், கொட்டி மூடச் சொன்னவன் நான்தான். கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அதன் மேல் போட்ட தரை எப்படி நிற்கும்? கிராவல் மண் அடித்து, முக்கால் அடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டுத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கணும் என்று கொத்தனார் அப்போதே சொன்னார். எனக்கு அது கூலி ஏற்றுகிற பேச்சாகப் பட்டது.

உன் வீடு இருக்கிற வேளச்சேரிப் பக்கமும் களிமண்தான். ஆனால் பாத்ரூம் ஓரம் மட்டும் இறங்குகிறது என்றால் என் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். தரைக்கடியில் குழாய் கசிந்தால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வை, காலையில் குறைந்திருக்கிறதா பார். கழிவுக் குழாய் கசிவு இதில் தெரியாது, அதற்கு பிளம்பர் வர வேண்டும். வெளியே சுவரோரம் பெருச்சாளி வளை இருக்கிறதா என்றும் பார், சிரிக்காதே, அதுவும் தரைக்கடியில் குடைந்து மண்ணை வெளியே தள்ளும்.

அப்புறம் சுவர். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா, கதவு புதிதாக இடிக்கிறதா? அப்படியானால் இறங்குவது வீட்டின் அஸ்திவாரமான கடக்காலாக இருக்கலாம், உடனே ஒரு இன்ஜினியரைக் கூப்பிடு. சுவர் சுத்தமாக இருந்தால் அவ்வளவு பயமில்லை, நம் வீடுகளில் கீழ்த்தளத் தரை பெரும்பாலும் நிரப்பிய மண் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான், சுவர் அசையாமல் அது மட்டும் இறங்கும்.

அடுத்த வாரம் தரைச் சரிவைப் பார்க்க ரசமட்டத்தோடு வருகிறேன். அதுவரை அந்த மூலையில் பீரோவை வைக்காதே.

அப்பா