சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது தப்புதான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து எங்களுக்கும் சொல்கிறார். மாலதி உன்னை விசாரித்தாள். பெரியவர் இன்னும் அதே பச்சை ஸ்கூட்டரில்தான் போகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘ஐ சா த ஹோல் திங்’ பார்த்துவிட்டேன்! ‘ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் ஹவர்’ டிவி தொடரின் 93 அத்தியாயங்களில் நம் சினிமா டைரக்டர் ஹிட்ச்காக் தானே இயக்கியது இது ஒன்றுதான். 1962 அக்டோபரில் வந்தது. இதற்காக நீயும் நானும் எத்தனை வருடம் அலைந்திருக்கிறோம்! நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஆசையாக உட்கார்ந்தேன். முடிந்தபோது அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

தொடக்கம் பிரமாதம், அதைச் சொல்லியாக வேண்டும். தெருவில் பிரேக் கிறீச்சிடுகிறது, எதுவோ மோதுகிறது. அங்கங்கே நிற்பவர்கள் திரும்புகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் அப்படியே அசையாமல் நிறுத்திக் காட்டுகிறார் ஹிட்ச்காக். மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து கிடக்க, கார் போய்விடுகிறது.

அப்புறம் நடிகர் ஜான் ஃபோர்சைத் வருகிறார், துப்பறியும் கதை எழுத்தாளராக. காரை ஓட்டியது நான்தான் என்று தானே போலீஸுக்குப் போகிறார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடுகிறார். சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி மடக்குகிறார். முதல் ஆளை மடக்கும்போது ருசிக்கிறது. அடுத்தடுத்து அதுவே என்றால்? 25 நிமிடக் கதையை ஐம்பது நிமிடத்துக்கு இழுத்துவிட்டார்கள். விடுதலை ஆனதும்தான் தெரிகிறது, காரை ஓட்டியது அவர் இல்லை, கர்ப்பமாக இருந்த மனைவி.

எனக்கு நீளம்கூடப் பெரிய குறை இல்லை, சேகர். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது என்று பார்ப்பவனுக்கு முதலிலேயே சொல்லிவிடு என்று நமக்குக் கற்றுக்கொடுத்ததே ஹிட்ச்காக்தானே? சொல்லாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, சொல்லிவிட்டால் பதினைந்து நிமிடத் தவிப்பு. அவரே இயக்கிய ‘பேங்! யூ ஆர் டெட்’ பார்த்தபோது நீ என் கையைப் பிடித்து நசுக்கினாயே, ஏன்? அந்தப் பையன் கையில் இருப்பது நிஜத் துப்பாக்கி என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ‘லேம் டு த ஸ்லாட்டர்’ கதையில் போலீஸ்காரர்கள் சாப்பிடுவது மனைவி கணவனை அடித்துக் கொன்ற அதே ஆட்டுத் தொடை என்று தெரிந்ததால்தானே நமக்கு அவ்வளவு குலுங்கியது?

இங்கே அதே மனிதர் குண்டை ஒளித்துவைத்துவிட்டார். மனைவி ஓட்டினாள் என்பது பத்தாவது நிமிடத்தில் நமக்குத் தெரிந்திருந்தால் அந்த விசாரணை எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். சாட்சி சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று அந்த எழுத்தாளர் தவிக்கிறார். உண்மையிலேயே பார்த்தவர் ஒருவர் வந்து “ஓட்டியது ஒரு பெண்” என்று சொல்லிவிட்டால்? ஒவ்வொரு சாட்சி கூண்டேறும்போதும் நம் வயிறு கலங்கியிருக்கும். அதே நடிகர்கள், அதே வசனம் போதும். ஒரு காட்சியை முன்னால் நகர்த்தியிருந்தால் போதும். அதுதான் தாங்கவில்லை எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த முகங்கள் நேற்று என்னைத் தூங்கவிடவில்லை. எல்லோருமே சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள். ஆனால் முழுவதையும் பார்த்தோம் என்று ஆணையிட்டுச் சொல்கிறார்கள். பொய் சொல்வதாக அவர்கள் நினைக்கவே இல்லை.

காலேஜ் வாசலில் அந்த லாரி மோதியதே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனில் நாம் இருவரும் எழுதிக் கொடுத்தோம். லாரி வேகமாக வந்ததைப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், லாரி நின்றுகொண்டிருப்பதுதான் கண்ணில் வருகிறது. வருவது வரவே மாட்டேன் என்கிறது. அந்த டிரைவரின் முகம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ டீக்கடைப் பக்கம், ரோட்டைப் பார்த்து நின்றாய். மோதுவதற்கு முன்னால் நீ லாரியைப் பார்த்தாயா? இதற்கு மட்டுமாவது உடனே பதில் போடு.

அன்புடன்,
முரளி