கந்தகத் திரியும் ஒரு புதுத் தொழிலும்

தூத்துக்குடி

அன்புள்ள ராசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து மகிழ்ந்தேன். முழங்காலுக்கு எத்தனை தைலம்தான் மாற்றுவாய்? பேசாமல் மருத்துவரிடம் போ.

இனி என் சங்கதி. ஓய்வு பெற்று எட்டு மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்து முடித்தாலும் மணி ஒன்பதைத் தாண்டுவதில்லை. அதனால் ஒரு தொழில் தொடங்கிவிட்டேன். இங்கே சுற்றியுள்ள மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் போய், குளிரூட்டக் குழாய்களில் ஓடும் அம்மோனியா எங்கே கசிந்து ஆளைக் கவிழ்க்கும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது. கலன்களின் அழுத்தத்துக்குச் சான்று எழுத அரசு அங்கீகரித்த தகுதியாளர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் வந்து போன மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பதுதான் என் வேலை.

2024 ஜூலையில் இந்த ஊர்ப் பக்கம் ஒரு மீன் ஆலையில் அம்மோனியா கசிந்து, பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அப்போது நான் பணியில் இருந்தேன். எங்கள் ஆலையில் இறால் உரிக்கும் அக்கா ஒருவர், "நம் ஆலையிலும் இப்படி ஆகுமா சார்?" என்று கேட்டார். ஆகாது என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மனம் கேட்கவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால், அவசர வாசலை மறைத்து ஆள் உயரத்துக்குத் தெர்மாகோல் பெட்டிகள். அந்த வழியாகத் தினமும் போய் வந்தவன் நான்தான்.

பையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாயு அளக்கும் கருவி ஒன்று, டார்ச், பிறகு நம் காலத்துக் கந்தகத் திரி. கொளுத்தி வால்வு மூட்டின் ஓரமாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் வெண்புகை எழும். மூக்கை நம்ப முடியாது. புதிதாக வருபவன் இருமிக்கொண்டு வெளியே ஓடுகிற அறையில், பத்து வருட ஆபரேட்டர் "ஒன்றுமில்லையே" என்பான். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் அம்மோனியா 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு, எல்லை. 300 வந்தால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு அதிகம் பயம் எண்ணெய் வடிப்பதில்தான். கம்ப்ரசர் எண்ணெய் அம்மோனியாவைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். அதை வடிக்கும்போது எண்ணெய் தீர்ந்த நொடியில் அம்மோனியா பாய்ந்து வரும். அதற்காகவே கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. ஓர் ஆலையில் அந்தக் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் திறந்தபடி இழுத்துக் கட்டியிருந்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்கு வசதியாம்! கம்பியை அறுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் மேசையில் கிடக்கிறது.

குளிர்க் குழாய்களின் காப்புறை கிழிந்த இடமும் அப்படித்தான். உள்ளே ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். தெரிந்த பிறகும் ஓட்டுகிறவர்கள் உண்டு. கனடாவில் ஃபெர்னி என்ற ஊரில், பனிச்சறுக்குக் கூடத்தின் பழைய சில்லர், அதாவது அம்மோனியா ஓடும் குளிரூட்டி, கசிவது தெரிந்தும் திரும்ப ஓட்டினார்கள். 2017 அக்டோபரில் மூன்று பேர் செத்துப் போனார்கள்.

வரும்படி கேட்டாயானால் சிரிப்புதான். இதுவரை நான்கு இடம். அதில் ஒருவர், "மேலே எல்லாம் ஏற வேண்டாம் சார், வெயிலாக இருக்கிறது, கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார். மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சோதிக்கப்படுகிறவரிடமே கூலி வாங்கும் தொழில் இது. அதனால் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுகிறேன், அறிக்கையைப் படித்த பிறகு பேரம் கிடையாது. அறிக்கையோடு ஒரு பக்கம் தமிழில் எழுதி, உரிப்புக் கூடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் என் நிபந்தனை. இதைக் கேட்டே இரண்டு பேர் திரும்ப அழைக்கவில்லை.

உன்னிடம் ஓர் உதவி. துருப் பிடித்த குழாயின் சுவரில் தடிமன் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் மீட்டரைக் கொதிகலன் வேலையில் நீ முப்பது வருடம் பிடித்தவன்; எனக்குக் கை பழகவில்லை. பொங்கல் முடிந்ததும் நான்கு நாள் வந்து இரு. ஏணி ஏறுவது நான், முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. நீ கீழே நின்று எண்ணைப் படித்தால் போதும்.

அன்புடன்,
சேது