ஆறு பிள்ளைகள் போதும் ஆத்தா

அன்புள்ள ஆத்தாவுக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். அமெரிக்காவில், உன் கொலம்பஸ் ஊரில் சனிக்கிழமை காலையில் நீ தொடங்கிய கால்பந்துப் பயிற்சிக்கு ஆறே பிள்ளைகள்தான் வந்தார்கள், மற்றவர்களெல்லாம் அந்த ஊர் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள், இங்கே இது எடுபடாது அப்பச்சி என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த அமெரிக்கன் ஃபுட்பால் கொலம்பஸ்காரர்களுக்கு நம் சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி. அங்கே பல்கலைக்கழக மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சிராவயல் பொட்டலில் நான் என் ஐயா தோளில் இருந்து பார்த்தேன், நீ என் தோளில் இருந்து பார்த்தாய். தோளில் ஏறி வந்த ஒன்றோடு நீ மல்லுக்கு நிற்காதே. அவர்கள் பயிற்சி இல்லாத நாளாகப் பார்த்து உன் பயிற்சியை வை.

நம் கால்பந்தை அந்த நாட்டில் வளர்க்கக் காசை இறைத்தும் பார்த்தார்கள். 1975-இல் பெலேயையே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குக் கூட்டி வந்தார்கள், மைதானம் நிறைந்தது, ஆனால் அந்த அணி ஆடிய லீக் 1984-உடன் முடிந்தது. பெலேயைப் பார்க்க வந்த கூட்டம், ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டமாக மாறவில்லை என்பதுதான் என் கணிப்பு. 1996-இல் எம்எல்எஸ் என்ற புது கால்பந்து லீக் தொடங்கியபோது உன் ஊர் அணியான கொலம்பஸ் க்ரூ அந்த லட்சம் பேர் மைதானத்தில்தான் ஆடியது. பத்து, பதினைந்தாயிரம் பேர் வந்தாலும் அது காலியாகத்தானே தெரியும்? 1999-இல் தங்களுக்கென்று இருபதாயிரம் சொச்சம் பேருக்கு ஒரு மைதானம் கட்டிக்கொண்டார்கள். அங்கே வந்த கூட்டம் அப்புறம் அணியை ஊர்ச் சொத்தாகவே நினைத்தது. 2017-இல் அணியை ஆஸ்டின் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோகும் பேச்சு வந்ததும் ரசிகர்கள் ஒன்றுகூடிப் போராடி ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2020-இலும் 2023-இலும் எம்எல்எஸ் கோப்பை வாங்கியது அதே அணிதான்.

அதனால் இடத்தைச் சிறிதாக்கு. ஆறு பேர் வந்தால் மூன்றுக்கு மூன்று ஆடட்டும், ஒவ்வொரு பிள்ளை காலிலும் பந்து நூறு தடவை படட்டும். வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கிற பிள்ளை மறுவாரம் வராது. இங்கே கண்மாய் வற்றியதும் நடுப் பொட்டலைக் கிரிக்கெட் பையன்கள் பிடித்துக்கொள்ள, கரையோரத்தில் செருப்பை வைத்து கோல் போட்டு நாங்கள் நாலு பேரோடுதான் ஆரம்பித்தோம். கிரிக்கெட்டில் அவுட்டாகி உட்கார்ந்திருந்தவன்தான் முதலில் வந்தான், அவனை நாங்கள் கூப்பிடவே இல்லை.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதே. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்களுக்கும் சம வாய்ப்பு என்று அங்கே 1972-இல் சட்டம் வந்தது, 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குத் தொண்ணூறாயிரம் பேர் வந்தார்கள். நடுவில் 27 வருஷம், எத்தனை அம்மாக்கள் மகள்களைக் காரில் கூட்டிப்போய்க் காத்திருந்திருப்பார்கள்! நம் பக்கத்திலும் மதுரை சேது எஃப்சி பெண்கள் 2019-இல் தேசிய லீக்கை ஜெயித்தார்களே.

இன்னொன்று, காசு வாங்காதே. அங்கே கிளப்களில் பிள்ளையைச் சேர்க்கப் பெரிய தொகை கேட்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் பந்து ஒன்றுதான் ஆத்தா.

சனிக்கிழமை முடிந்ததும் போன் பண்ணு. இங்கே இரவாகியிருக்கும், பரவாயில்லை, முழித்திருப்பேன். பேரன் எந்தக் காலால் அடிக்கிறான் என்று பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பச்சி
காரைக்குடி