கைக்கு எட்டாத தூரத்தில்

அன்பு மகளுக்கு,

வேலை முடிந்து வந்து, கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் ஃபோன் பார்த்தும் அலுப்பு தீரவில்லை, தூக்கமும் வரவில்லை என்றாய். கூடவே, "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். அந்தத் திட்டு உனக்குச் சேர வேண்டியதில்லையம்மா. ஃபோன் எட்டுகிற இடத்தில் இருந்தால் கை அங்கே போகத்தான் செய்யும். நாலைந்து வீடியோ ஓடிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்றே நமக்கு உறைக்கும். மன உறுதிப் பேச்சை விட்டுவிட்டு, ஃபோன் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அங்கே வந்ததும் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும்" என்று எழுந்துவிடலாம். 2006இல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நொடியை எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளையும் நினைத்துப் பார். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா சலிக்காமல் கொத்துகிறது. பத்து வீடியோ சப்பென்று போய்ப் பதினோராவது நன்றாக அமைவதும் இதே கணக்குத்தான்.

ஓய்வு கிடைக்காததற்குக் காரணம் வேறு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. 2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைக் கவனத்தின் மிச்சம் என்று பெயரிட்டு எழுதினார். அரை நிமிடத்துக்கு ஒரு முகம், ஒரு சண்டை, ஒரு துக்கச் செய்தி என்று மாறினால் எவ்வளவு மிச்சம் சேரும் என்று பார். உடம்பு படுத்திருக்கிறது, மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரவிலிருந்து தொடங்கு. பகலில் தொடங்குகிறவர்கள் வேலை நெருக்கடியில் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். படுக்கையறைக்குள் ஃபோன் நுழைவது பெரும்பாலும் அலாரம் என்ற சாக்கில்தான். பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கு. அடுத்தது சார்ஜர். சார்ஜர் இருக்கும் இடம்தான் ஃபோன் தூங்கும் இடம். அதை வேறு அறையில், நின்றுகொண்டு பார்த்தால்தான் முடியும் என்கிற இடத்தில் மாட்டு. கட்டிலருகே இருக்கும் கூடுதல் கேபிள், பவர் பேங்க் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துவிடு. ஒரு கேபிள் மிஞ்சினாலும் மூன்றாம் நாள் ஃபோன் திரும்பி வந்துவிடும்.

"ராத்திரி ஏதாவது அவசரம் என்றால்?" என்ற பயம் வரும். அதற்கு வழி ஃபோனிலேயே இருக்கிறது. 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் படுக்கும் நேரத்துக்குத் தானாக வரும்படி வைத்து, அதில் திரும்ப அழைப்பவர்களை அனுமதி. ஐஃபோனில் ஒருவரே 3 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த இடைவெளி 15 நிமிடம். இங்கே பலரும் தவறுவது ஓர் இடத்தில்: ஃபோனை சைலண்டிலும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அனுமதித்த அழைப்பும் சத்தம் இல்லாமல் போய்விடும். சைலண்டை எடுத்துவிட்டு, மணியின் சத்தத்தைக் கூட்டி வை. அறைக்கதவு சாத்தியிருந்தாலும் கேட்கிறதா என்று ஒரு தடவை கூப்பிடச் சொல்லிச் சோதித்துக்கொள்.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபோனைச் சார்ஜர் இருக்கும் அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிடு. திரையை மஞ்சளாக்கிக்கொண்டால் போதும் என்று நம்பாதே. நீல வெளிச்சம் குறையும், வாசிக்கிற சங்கதியின் சூடு குறையாது.

பகலுக்கு, அறிவிப்புகள். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்: ஒரு மனிதர் உன்னிடம் நேரடியாகப் பேசினால் மட்டும் ஃபோன் சத்தம் போடலாம். தள்ளுபடி, பரிந்துரை, 'இவர் பதிவிட்டிருக்கிறார்' எல்லாம் அடங்கட்டும். பலரும் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஆப் மேல் தெரியும் சிவப்பு எண்ணை மறந்துவிடுவார்கள். கண்ணில் பட்டால் விரல் போகும், அதனால் அதையும் அணைத்துவிடு. வாட்ஸ்அப் குழுக்களை ஆர்க்கைவ் செய். உன் பெயரைக் குறிப்பிட்டாலோ உனக்குப் பதில் எழுதினாலோ மட்டும் அறிவிப்பு வரும். யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலை அழித்து, இனிச் சேமிக்காதபடி நிறுத்திவிட்டால் முகப்பு காலியாகிவிடும். அங்கே எதுவும் தானாக வந்து நிற்காது. உன்னை அதிகம் இழுக்கும் ஆப் எதுவோ அதை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது பிரவுசரில் பாஸ்வேர்ட் போட்டு நுழை. பாஸ்வேர்டைச் சேமித்து வைக்காதே. நேர வரம்பு வைக்கும் வசதியை நான் பெரிதாக நம்பமாட்டேன். வரம்பைத் தாண்டவும் அங்கேயே ஒரு பட்டன் இருக்கிறது. அதன் ரகசிய எண்ணை வேறொருவர் வைத்துக்கொண்டால் ஓரளவு பயன்படும்.

இதையெல்லாம் விடக் கடினமானது, கிடைத்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்பது. முதல் சில நாள் கை வெறும் இடத்தைத் தடவும். எரிச்சல் வரும், எதையோ தவறவிட்டது போலத் தவிக்கும். எடுத்துப் பார்க்கும் அந்த ஆசை ஏறி, அதற்குத் தீனி போடாமல் விட்டால் சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடமும் கைக்கு வேலை கொடு: துணி மடி, செடிக்குத் தண்ணீர் விடு, பட்டன் தை, பென்சிலால் ஏதாவது கிறுக்கு. டிவியைப் போட்டுவிடாதே, அதுவும் திரைதான்.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் விழுவது இந்த வாசலில்தான். நாளைக்கு மழை வருமா, அந்த பில் கட்டினோமா என்று ஏதோ ஒன்றைப் பார்க்கத்தான் ஃபோனை எடுப்போம். நாற்பது நிமிடம் கழித்துக் கீழே வைக்கும்போது, பார்க்க வந்ததைப் பார்த்திருக்கவே மாட்டோம். தோன்றியதை நோட்டில் எழுது. மறுநாள் காலை எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பார். எழுதியதில் பாதிக்கு மேல் பார்க்கவே வேண்டியிராது.

ஃபோன் இல்லாமல் 20 நிமிடம் நட. முதல் பத்து நிமிடம் மனசு சளசளவென்று பேசும். அதோடு திரும்பி வந்துவிடாதே. அமைதி அதற்குப் பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கும்.

வேலைக்கான கணினியை விட முடியாது, தெரியும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பார், கண்ணை நன்றாகச் சிமிட்டு. திரை பார்க்கும்போது நாம் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாதே. வாரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். ஃபிலிப்பா லாலி குழுவினரின் லண்டன் ஆய்வில், ஒரு பழக்கம் படிய சிலருக்கு 18 நாள் ஆனது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடு எண் 66. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தவறினால் மறுநாள் ராத்திரி ஃபோனை மறுபடி அந்த வேறு அறையிலேயே வை, கணக்குப் பார்க்காதே.

பதில் வரவில்லையே என்று நாங்கள் வருந்துவோம் என நினைத்து ராத்திரியில் ஃபோனைத் தேடாதே. அம்மா அனுப்பும் செய்திக்கு மறுநாள் பதில் போட்டால் போதும் என்று அவளே எழுதச் சொன்னாள். நிஜமாகவே அவசரம் என்றால், 3 நிமிடத்துக்குள் இரண்டு தடவை கூப்பிடுவோம். அந்த மணிக்கு மட்டும் எழுந்து வா.

அன்புடன்,
அப்பா