டீன் அவர்களுக்கு, கஞ்சி ஊற்றுகிறவர்கள் எழுதுவது

மதிப்பிற்குரிய அரசு மருத்துவமனை டீன் அவர்களுக்கு, வணக்கம்.

வளாகத்துக்குள் வெளியாட்கள் உணவு கொடுக்கக் கூடாது என்று வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் கஞ்சி அண்டா கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப் பக்கத்தில் புகையிலும் புழுதியிலும் நிற்கிறது. பழைய சைக்கிள் ஸ்டாண்டில் காலை ஏழு முதல் எட்டு வரை முன்போல் கஞ்சி ஊற்ற விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மனு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. எந்த மேசையில் தூங்குகிறதோ.

உள்நோயாளிக்கு அரசு பால், ரொட்டி, முட்டை, சாதம் கொடுக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அதில் பங்கில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும்தான். ஆனால் அது இங்கிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் போவது?

போன திங்கட்கிழமை ஒரு அம்மா தூக்குவாளியோடு வந்தார். கணவருக்குத் தொடை எலும்பு முறிவு, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கஞ்சியும் துவையலும் வாங்கிக்கொண்டு திரும்பினால் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். துணையாள் அட்டை தலையணைக்கு அடியில் இருக்கிறது, எடுத்து வந்து காட்டுகிறேன் என்றார். அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றார் காவலாளி. அட்டை உள்ளே, ஆள் வெளியே. பார்வையாளர் நேரம் வரும்வரை மதிலோரம் உட்கார்ந்திருந்தார். நீங்களாவது குடியுங்கள்மா என்று சொல்லிப் பார்த்தோம். “அவரு யூரின் சட்டி கேட்டா யாருங்க எடுத்துக் குடுப்பா?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. காவலாளியைக் குறை சொல்லவில்லை, அவர் காண்ட்ராக்ட் ஆள், சொன்னதைச் செய்கிறார். அண்டா சைக்கிள் ஸ்டாண்டிலேயே இருந்திருந்தால் அந்த அம்மா கேட்டைத் தாண்டியே இருக்க மாட்டார்.

தொற்று பரவும் என்ற உங்கள் காரணத்தை நாங்கள் மறுக்கவில்லை. அண்டா ஒருநாளும் வார்டு வாசல்படி ஏறியதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அன்னதானம் செய்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள், செய்திருக்கிறோம். அரிசி, பாசிப்பருப்பு, சீரகம், வெந்தயம், பூண்டு. இதற்கு மேல் எங்கள் கஞ்சியில் எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் தினமும் எடுத்துச் சோதியுங்கள்.

மதப் பிரச்சாரம் செய்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்ததாகவும் காதில் விழுந்தது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருபவரிடம் அங்கே சாதியும் மதமும் கேட்பதில்லை. நாங்களும் அந்த வழிதான். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்காரர்கள் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார்கள், ஞாயிறன்று சர்ச்சிலிருந்து பாலும் பன்னும் வரும். எல்லோருக்கும் அதே சைக்கிள் ஸ்டாண்டுதான். “துவையல் காரம், பார்த்து” என்பதைத் தவிர அங்கே யாரும் எதையும் பிரச்சாரம் செய்து நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தலைவர்கள் பிறந்தநாள் வந்தால் மட்டும் தொற்று விடுப்பில் போய்விடுமா? பிளெக்ஸ், கேமரா, முப்பது பேர் என்று பிரசவ வார்டு வரைக்கும் போகிறார்கள். ஒரு ஆப்பிளை ஆறு கைகள் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற களைப்பில் கிடக்கும் பெண் அதற்கும் சிரிக்க வேண்டும். அவர்களுக்கு எந்த அட்டையும் தேவைப்படுவதில்லை. எங்களுக்கும் யாராவது பெரிய மனிதர் தினம் ஒருவராகப் பிறந்துகொண்டிருந்தால் தேவலை!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிற நிர்வாகத்தின் சிரமம் புரியாமல் இல்லை. நாங்கள் கேட்பது கட்டடமும் அல்ல, பணமும் அல்ல. சைக்கிள் ஸ்டாண்டில் காலை ஒரு மணி நேரம். கை கழுவ ஒரு குழாய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தண்ணீரும் நாங்களே கொண்டுவருகிறோம். எட்டு மணிக்கு இடத்தைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவோம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் வைத்துக்கொண்டு ஒருநாள் எங்களை அழைத்துப் பேசுங்கள். எட்டரைக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம். அதற்கு முன்னால் கஞ்சி வேலை இருக்கும்.

பணிவுடன்,
கஞ்சிக் குழுவில் ஒருவன்