சம்பளச் சீட்டில் இருக்கும் எண் உன்னுடையது அன்று

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
புரட்டாசி, 2025

அன்பு மகள் மாலதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சம்பளச் சீட்டின் படத்தையும் உன் அடையாள அட்டையின் படத்தையும் அருகருகே வைத்து, இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பேறுகாலப் பணத்துக்கு நீ விண்ணப்பித்தபோது உன் எண்ணில் சந்தாவே வரவில்லை என்று யுஐஎஃப் என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதி அலுவலகத்தில் சொன்னதற்கான காரணம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. உன் அட்டையில் எட்டாவது, ஒன்பதாவது இலக்கங்கள் 0, 9 என்று இருக்கின்றன. சம்பளச் சீட்டில் அவை 9, 0 என்று இடம் மாறிக் கிடக்கின்றன. குடும்பப் பெயரிலும் ஒரு பிழை உண்டு: பிள்ளை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து உன் அட்டையில் 'ஒய்', அவர்கள் தட்டியிருப்பது 'ஐ'. நீ இவ்வளவு நாளும் பெயரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாய். ஆனால் உன் பணத்தை மறித்து நிற்பது எண்தான்.

ஆகையால், சம்பளப் பிரிவில் அந்தப் பெண் சொன்னபடி, 'இவ்விரண்டு பெயர்களும் என்னையே குறிக்கும்' என்று காவல் நிலையத்தில் ஒரு சத்தியக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. அப்படி ஒரு தாளைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளும் ஒரு குமாஸ்தாவின் மனம் நிறையலாம். பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது. அடுத்த முறை, வேலை போனாலோ நோயில் படுத்தாலோ, இதே வாசலில் இதே தாளோடு மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு இலக்கங்கள் எப்படித் தப்பின என்று மாப்பிள்ளை கேட்டாராமே, அவருக்காகவும் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். நம் அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் ஒரே நாளில் பிறந்தவர்களைப் பிரித்துக் காட்டும் வரிசை எண். அது 4999 வரை இருந்தால் பெண், 5000 முதல் ஆண். பதினொன்றாவது இலக்கம் குடியுரிமையைச் சொல்லும். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கடைசி இலக்கங்களுக்குள்ளேயே இனத்தையும் அடக்கி வைத்திருந்தார்கள். உன் அப்பாவின் பழைய அடையாளப் புத்தகத்தில் அது இருந்தது. பதின்மூன்றாவது இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே உள்ளது: முன்னால் உள்ள பன்னிரண்டையும், ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, ஒரு முறைப்படி கூட்டினால் இந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கணக்கு இடிக்கும்; கணினி ஏற்றுக்கொள்ளாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அநேகமாகப் பிடித்துவிடும். ஆனால் 0 இரட்டித்தாலும் 0 தான். 9 இரட்டித்தால் 18, அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் மீண்டும் 9. இவ்விரண்டும் இடம் மாறினால் மட்டும் கூட்டுத்தொகை அப்படியே நிற்கும். கணினி வாய் திறக்காது. தட்டியவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது உண்மைதான், ஆனாலும் எத்தனையோ பிழைகளைப் பிடிக்கும் வலையில் இருக்கும் ஓர் ஓட்டை வழியாக உன்னுடையது போயிருக்கிறது.

இதன் விளைவை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு ஒன்றும், முதலாளி தரப்பிலிருந்து நூற்றுக்கு ஒன்றும் மாதாமாதம் ஒழுங்காகப் போயிருக்கின்றன; ஆனால் அவர்கள் அனுப்பிய அறிவிப்பில் உன் வேலைக்காலம் வேறோர் எண்ணின்மேல் ஏறியிருக்கிறது. அந்த எண்ணுக்கு உடையவள் ஒருத்தி, நீ பிறந்த அதே நாளில் பிறந்தவள், நம் நாட்டில் எங்கேனும் இருக்கவும் கூடும். ஆகவே 'இந்த மாதம் முதல் சரியான எண்ணைப் போட்டுவிடுகிறோம்' என்று அவர்கள் சொன்னால் அதற்கு ஒப்புக்கொள்ளாதே. நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லா மாதங்களுக்கும், திருத்திய எண்ணோடும் பெயரோடும், பணியாளர் விவரங்களை முதலாளி நிதிக்கு அறிவிக்கும் யுஐ-19 படிவத்தை அவர்கள் மறுபடி அனுப்ப வேண்டும். இதை நீ நேரடியாகச் செய்ய முடியாது. அறிவிப்பைத் தந்தவர் எவரோ அவர்தான் திருத்தவும் வேண்டும். பணியாளர் விவரங்களில் ஒரு மாதத்தில் நேர்ந்த மாற்றத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அறிவிக்கும் கடமை முதலாளிக்குச் சட்டப்படி உண்டு. ஆகையால் உனக்கு உபகாரம் செய்வதுபோல் அவர்கள் பேசினால் நீ கூசிப் பின்வாங்க வேண்டியதில்லை.

நான் தையல் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதிய காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்த நிதிக்கான ஒரு நீல அட்டை இருக்கும். அது எங்கள் மேசை இழுப்பறையில் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். வேலையை விட்டுப் போகும் நாளில் அதை நிரப்பிக் கையில் கொடுப்போம். வாங்கிய பெண்கள் அங்கேயே நின்று, எழுத்துக் கூட்டியாவது தங்கள் பெயரையும் எண்ணையும் படித்துப் பார்ப்பார்கள். "அக்கா, என் பேரில் ஓர் எழுத்துக் குறைகிறதே" என்று சொன்னால் அப்போதே அடித்துத் திருத்திக் கையெழுத்து வைத்துவிடலாம். அந்த அட்டை தொலைந்தால் பட்ட பாடு வேறு. பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பதிவு யாரைப் பற்றியதோ அவர் கண்ணில் அது ஒரு முறையாவது பட்டது. இப்போது எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. பணம் கேட்டு நிற்கும் நாள் வரை தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. நிதியின் யூஃபைலிங் இணையதளத்தில் நீயே கணக்குத் திறந்து உன் வேலைக்காலம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க முடியும். திருத்தியாயிற்று என்று அவர்கள் சொன்னபின் வாய்ச்சொல்லை நம்பாமல் அங்கே பார்த்துக்கொள்.

சம்பளப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். தவறாக உள்ளது எது, சரியானது எது, எந்த ஆவணம் அதை நிறுவுகிறது, எந்த மாதம் முதல் திருத்த வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பவற்றை மட்டும் எழுது. அதோடு, 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமான தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின், அதாவது எல்லோரும் போப்பியா என்று சொல்கிறார்களே அதன், 24ஆம் பிரிவின்படி கேட்கிறேன் என்று ஒரு வரி சேர். நம்மைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் தகவல் பிழையாகவோ பழையதாகவோ குறையாகவோ இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையை அந்தப் பிரிவு தருகிறது. அதற்கென்றே இரண்டாம் எண் படிவம் இருக்கிறது. அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர்கள் திருத்த மறுத்து, உங்களுக்குள் உடன்பாடு ஏற்படாமலும் போனால், 'திருத்தம் கோரப்பட்டது, செய்யப்படவில்லை' என்ற குறிப்பை அந்தத் தகவலோடு சேர்த்து வைக்கும்படி நீ கேட்கலாம். அவர்கள் அதைச் செய்தாக வேண்டும். என்ன செய்தார்கள் என்பதை உனக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்த்தால் கடிதத்தை மேசை ஓரத்தில் ஒதுக்கி வைக்கத் தயங்குவார்கள்.

இனிப் பெயர் விஷயம். எல்லாப் பதிவுகளுக்கும் மூலம் உள்துறை அலுவலகத்தின் மக்கள்தொகைப் பதிவேடு; காப்பீட்டு நிதியும், அரசு உதவித்தொகை வழங்கும் சாசா நிறுவனமும், வங்கியும் அதைப் பார்த்துத்தான் ஒத்துப் பார்க்கின்றன. உன் அட்டையில் உள்ள எழுத்துத்தான் உன் பிறப்புப் பதிவிலும் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய். இங்கே வீட்டில் இருப்பது கணினியில் அச்சிட்ட சுருக்கச் சான்றிதழ், அது போதாது. பதிவேட்டின் பக்கத்தையே படியெடுத்துத் தருவார்கள், வால்ட் காப்பி என்று கேட்டால் தெரியும். அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடு, வர நாளாகும். பதிவேட்டில் 'ஒய்' என்றே இருந்தால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. பிழையான மற்ற இடங்களை அதற்கு ஒத்தாற்போல் மாற்றினால் போதும். இதில் அவசரம் ஏனென்றால், குழந்தை பிறந்த 30 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாயின் பெயரும் எண்ணும் அப்போது குழந்தையின் பதிவில் ஏறும். உன் பிழை உன்னோடு நிற்காமல் பேரப்பிள்ளையின் சான்றிதழிலும் போய் உட்காரக் கூடாது.

திருமணத்துக்குப் பின் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது மாமியார் வீட்டில் யாரேனும் நாயுடு என்று மாற்றிக்கொள்ளச் சொன்னாலும், இந்தப் பணம் வந்து முடியும் வரை கைவைக்காதே. விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது பெயரை மாற்றினால் வங்கிப் படிவமான யுஐ-2.8 முதல் எல்லாம் மறுபடி தொடங்கும். மனைவியின் குடும்பப் பெயரைக் கணவனும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பிள்ளையாக மாற விரும்பினால் நான் தடை சொல்ல மாட்டேன் என்று சொல், சிரிப்பார்.

பிறந்த தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியாக வேண்டும். உன் அட்டையில் தேதி சரியாகவே இருக்கிறது, ஆனால் நீ போனில் பேசும்போது எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைத்தாய். பெயரில் எழுத்தைத் திருத்தினால் அடையாள எண் மாறாது. பிறந்த தேதியைத் திருத்தினால், அது எண்ணுக்குள்ளேயே இருப்பதால், புது எண்ணே வரும். வங்கி, வருமான வரி, ஓட்டுநர் உரிமம், வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றிலும் பின்னாலேயே போய் மாற்ற வேண்டும். உன் அப்பாவின் அக்காள் டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்தவர்கள். பாட்டனார் பட்டணத்துக்கு வந்தபோது தோராயமாகச் சொன்ன ஆண்டு, நிஜத்துக்கு இரண்டு வயது குறைவாகப் பதிவாகிவிட்டது. அத்தைக்கு 60 நிறைந்து முதியோர் உதவித்தொகைக்குப் போனபோது, தாளின்படி அவர்களுக்கு வயது போதவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் ஒன்று கிடைத்தது. அதை வைத்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் எண் மாறினால் மாமாவின் ஓய்வூதியத்தில் அவர்களுக்குரிய பங்கும் சிக்கும் என்று கணக்குப் பார்த்து, அத்தை இரண்டு ஆண்டுகள் காத்திருந்து வாங்கினார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். எல்லாப் பிழையையும் திருத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. உன்னுடையது திருத்தியே ஆக வேண்டியது.

பதற்றப்பட வேண்டாம். பேறுகாலப் பணத்துக்குக் குழந்தை பிறந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கிடைப்பது சம்பளத்தில் நூற்றுக்கு 66 வீதம், 17.32 வாரங்களுக்கு, சம்பளம் மாதம் 17,712 ரான்டுக்கு மேல் இருந்தால் அந்த வரம்பு வரைதான் கணக்கு. விட்டுவிடக் கூடிய தொகை இல்லை. எந்த மூலப் பத்திரத்தையும் கைவிட்டுக் கொடுக்காதே. காவல் நிலையத்தில் சான்றொப்பம் வாங்கிய நகலைக் கொடு. பேசியவர் பெயர், தேதி, கொடுத்த குறிப்பு எண் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நினைவில் நிற்காது.

திருத்திய யுஐ-19 கைக்கு வந்ததும், நீ கையெழுத்திடுவதற்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. 13 இலக்கங்களையும் நான் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். புரட்டாசி விரதம் முடிந்ததும் கேப் டவுனுக்குப் பேருந்தில் வருகிறேன். ஊறுகாயும் காயப் பொடியும் கொண்டுவருவேன், வேறென்ன வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா