சுவரோரம் நிற்கும் ஹூஸ்டன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சனிக்கிழமை வேன் பிடித்து, ஐ-10 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம் ஓட்டி, லூசியானாவின் லாஃபியட், யூனிஸ் ஊர்கள் பக்கம், பிரெஞ்சு வழிவந்த கேஜன், கிரியோல் மக்களின் ஆட்ட இசை கேட்கப் போகிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போய் என்ன செய்கிறீர்கள்? சுவரோரம் வரிசையாக நின்று, ஆடுகிறவர்களைப் போனில் படம் பிடித்துவிட்டுத் திரும்புகிறீர்கள். பறை முழங்கினால் கால் தானாக எழும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்கு என்ன கேடு?

யூனிஸில் 1924-இல் கட்டிய லிபர்ட்டி திரையரங்கைப் பாருங்கள். மேடைக்கு முன்னால் ஆடுவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். வால்ட்ஸ் என்ற ஜோடி ஆட்டத்துக்கான இசை தொடங்கியதும் தாத்தா பாட்டிகள் முதலில் எழுந்து வந்துவிடுவார்கள். ஜோடிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேகமாகப் போகிறவர்களுக்கு வெளிவட்டம், கற்றுக்கொள்கிறவர்களுக்கு நடு இடம். நடுவில் நின்று நீங்கள் தப்புத் தப்பாகக் கால் வைத்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். டூ-ஸ்டெப் என்ற மற்ற ஜோடி ஆட்டமும் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நடக்கத் தெரிந்தால் போதும்.

யாராவது கை நீட்டி அழைத்தால் உடனே வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அங்கே பாட்டுக்குப் பாட்டு ஜோடி மாறுவது சாதாரணம். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டுக்காரியையும் ஏதாவது ஒரு தாத்தா அழைப்பார். சரி என்று விடுங்கள்.

அப்புறம், எடுத்த படத்தையெல்லாம் 'ஜைடெகோ' என்று போட்டுப் பகிராதீர்கள். அங்கே கேட்பது கேஜன், ஜைடெகோ என்று இரண்டு வேறு இசை. 1755-இல் ஆங்கிலேயர்கள் நோவா ஸ்கோஷியாவிலிருந்து துரத்திவிட்ட பிரெஞ்சுக் குடியினரின் வழிவந்தவர்கள் கேஜன் மக்கள். அவர்களுடைய இசையில் ஃபிடில் என்கிற வயலினும், இழுத்து அமுக்கி வாசிக்கும் பத்துப் பொத்தான் அக்கார்டியனும் முன்னால் நிற்கும். பக்கத்தில் ஒருவர் இரும்பு முக்கோணத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் வைக்கோல் வாரியின் பல்லை வளைத்து அதைச் செய்தார்கள். ஜைடெகோ கறுப்பினக் கிரியோல் மக்களுடையது, ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு ஊறியது. நெளிநெளியான தகட்டுச் சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாட்டில் ஓப்பனரால் பரபரவென்று உரசுவார்களே, ஃப்ரோட்வார், அது இவர்களுடையது. துணி துவைக்கும் பலகையாக இருந்ததைச் சட்டையாக்கச் சொல்லி 1946-இல் செய்யவைத்தவர் ஜைடெகோ கலைஞர் கிளிஃப்டன் ஷெனியே. செய்தது நம் டெக்ஸாஸில், போர்ட் ஆர்தரில். ஆட்டமும் வேறு: ஜைடெகோவுக்குத் தளத்தைச் சுற்ற வேண்டாம், முழங்காலைத் தளர்த்தி நின்ற இடத்திலேயே ஆடலாம்.

இப்படிப் பிரித்துச் சொன்னாலும் இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு வளர்ந்தவைதான். அமெடே ஆர்ட்வான் என்ற கிரியோல் அக்கார்டியன் கலைஞரும் டெனிஸ் மெகீ என்ற வெள்ளைக்கார ஃபிடில் கலைஞரும் 1929-இல் நியூ ஆர்லியன்ஸில் சேர்ந்து இசைத்தட்டுக்கு வாசித்தார்கள். இன்றைய கேஜன் குழுக்கள் பலவும் ஆர்ட்வானின் மெட்டுகளை வாசிக்கின்றன. அந்த மனிதர் வெள்ளையர் வீட்டு ஆட்டம் ஒன்றில் வாசித்து வியர்த்தபோது, முகம் துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தாளாம். அதற்காகவே அவரை வழியில் மடக்கி அடித்து நொறுக்கினார்கள் என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். 1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். வாசிக்கலாம், ஆடுகிறவர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றைய சட்டதிட்டம். இன்று அதே ஊர்களில் எந்த நிறத்தவரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள், நம்மையும் கை நீட்டி அழைக்கிறார்கள். கூப்பிட்ட பிறகும் நாம் சுவரோரம் ஒதுங்கி நிற்பது எனக்கு உறுத்துகிறது.

லூசியானா தூரம் என்பவர்களுக்கு: நம் ஹூஸ்டனிலேயே ஐந்தாம் வார்டில் ஃபிரெஞ்ச்டவுன் இருக்கிறது. 1920-களில் கிரியோல் குடும்பங்கள் வந்து குடியேறிய இடம். கத்தோலிக்கத் தேவாலயக் கூடங்களில் ஜைடெகோ ஆட்டம் நடத்தும் வழக்கம் இங்கே பல காலமாக உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ரப்பர் அடி ஷூ மட்டும் வேண்டாம், தளத்தில் ஒட்டிக்கொண்டு முட்டியைப் பதம் பார்த்துவிடும். தோல் அடி வைத்த ஷூ போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அதே வேனில் வரும் ஒருவன்